பார்த்தது பக்கத்தில் எண்பத்திரண்டு

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். செடிகள் நலம். வேன் மட்டும் நலமில்லை. மெக்கானிக் அதன் அடியில் அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தார். "அக்கா, இனிமே இதுல செலவு பண்ணாதீங்க. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க, என் பொழப்பு போயிடும்" என்றார். பதினாறு வருஷம் ஓடிய வேன். நர்சரியில் நான் விற்ற ஒவ்வொரு செடியும் அதன் முதுகில்தான் போனது.

வேன் போனதுகூடப் பரவாயில்லை. அக்டோபர் முதல் தேதியிலிருந்து மலை மேல் நகரத்துக்குள் டீசல் வண்டிகளை விடமாட்டார்களாம். சோதனைச் சாவடியில் பலகையே மாட்டிவிட்டார்கள். என்னிடம் செடி வாங்குகிறவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். மின்சார வண்டிதான் இனி வழி. புதிதாக ஒன்று விலை கேட்டேன். என் சேமிப்புக்கு வண்டியில் மூன்றில் ஒரு பாகம் வரும். எந்தப் பாகம் என்று கேட்காமல் திரும்பிவிட்டேன்.

உன் ஊரில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வண்டி வியாபாரி இருக்கிறார். மூடிப்போன ஒரு ரொட்டிக் கம்பெனியின் மின்சார பிக்கப் அவரிடம் இருக்கிறதாம். நாலு வருஷம் ஓடியது. விலை என் சேமிப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல நிற்கிறது. அதனாலேயே பயமாகவும் இருக்கிறது. இப்போது ஒட்டுக்கட்டும் பருவம், என்னால் நகர முடியாது. நீ போய்ப் பார்க்க வேண்டும். முப்பத்து நாலு வருஷம் இயற்பியல் நடத்தியவன் நீ. நான் போனால் பெயின்ட்டைப் பார்த்து மயங்கிவிடுவேன்.

போனில் சொல்லியிருப்பேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் இங்கே சிக்னல். என் முட்டிக்கு அது ஆகாது.

போன கடிதத்தில் உன் வரிகள் எல்லாம் மேடு ஏறுகின்றனவே. பேனா சரியில்லையா, மேஜையா? தனியாக இருக்கிறாய். வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


செப்டம்பர் 9

அன்புள்ள வாலுவுக்கு,

ஐம்பத்தேழு வயதுக்காரியை வாலு என்று கூப்பிடக் கூடாதுதான். வேறு பெயர் எனக்கு வாயில் வருவதில்லை. நான் சுகம். ரத்த அழுத்தம் சொன்னபடி கேட்கிறது. மேஜையின் ஒரு கால் குட்டை, அதனால்தான் வரிகள் மேடேறின. இப்போது அட்டை வைத்துச் சரிசெய்துவிட்டேன். பார், இந்தக் கடிதம் நேராக இருக்கிறது.

வண்டியைப் பார்க்கிறேன். அதற்கு முன் ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். உன் நர்சரியில் பழைய வாளி ஒன்று இருக்கும். அடியில் வருஷக் கணக்காகச் சேறு படிந்து இறுகியிருக்கும். குழாயடியில் வைத்தால் அதுவும் விளிம்பு வரை நிறையும். பார்க்கிறவனுக்குப் புது வாளியும் அதுவும் ஒன்றுதான். ஊற்றும்போதுதான் தெரியும், பாதித் தண்ணீர்தான் பிடித்திருக்கிறது என்று. மின்சார வண்டியின் பேட்டரி அந்த வாளி. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டால் வண்டி "நூறு" என்றுதான் காட்டும். நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். வாளிக்குள் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பது வேறு எண். அதை வண்டியே காட்டாது. தனிக் கருவி செருகித்தான் பார்க்க வேண்டும். நாம் காசு கொடுப்பது அந்த எண்ணுக்குத்தான்.

ஆய்வுக்கூடத்தில் என் பிள்ளைகளின் நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடச் சொல்வேன். இடது பக்கம் "பார்த்தது". வலது பக்கம் "கேட்டது". தன் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் இடது பக்கம் எழுதலாம். பக்கத்துப் பையன் சொன்னது, புத்தகத்தில் இருந்தது, நான் சொன்னதேகூட வலது பக்கம்தான். மாற்றி எழுதினால் சைபர். உன் வண்டிக்கும் அப்படியே கோடு போட்டு எழுதி அனுப்புகிறேன்.

ஒரு வேண்டுகோள். நீல மையில் பொடிப்பொடியாக எழுதாதே. கறுப்பு மையில் பெரிதாக எழுது. வயதானவனுக்கு இந்த மரியாதையாவது செய்யலாம்.

அண்ணன்


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

கறுப்பு மை, பெரிய எழுத்து. திருப்திதானே? இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. முட்டி வலி இருக்கிறது, சளி இல்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மலை மேல் புதிதாக ஒரு மருத்துவமனை கட்டியிருக்கிறார்கள். வளாகத்துக்கு நானூறு மரக்கன்று கேட்டிருக்கிறார்கள். அக்டோபர் 28, காலை பத்து மணிக்கு அங்கே இறக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போனால் அந்தத் தோட்டம் முழுவதும் மூன்று வருஷத்துக்கு என் பொறுப்பு. தவறினால் வரிசையில் அடுத்த நர்சரிக்குப் போய்விடும். எனக்கு வேறு பெரிய ஆர்டர் கிடையாது. மண்பை நிரப்புகிறாளே, நாம் மேனேஜர் என்று கூப்பிடுவோமே, அவளுக்கும் வேறு வேலை கிடையாது. எல்லோரையும் அதட்டிக்கொண்டே திரிகிறவள் இந்த மாதம் அதட்டுவதைக் குறைத்துவிட்டாள். அவளுக்கும் பயம்.

இங்கிருந்து நாற்பத்தெட்டு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். மின்சாரப் பேருந்து ஓட்டுகிற டிரைவரைப் பிடித்து விசாரித்தேன். "நீங்க சொல்ற வண்டி, பேட்டரி எண்பதுக்கு மேல இருந்தா பாரத்தோட தாராளமா ஏறும். எழுபதுக்குக் கீழன்னா சும்மா குடுத்தாலும் வேண்டாம்மா, நடுவழியில உக்காந்துடும்" என்றார்.

ஆகவே எனக்கு அந்த ஒரு எண்தான் வேண்டும். அதைப் போட்டோவும் எடுத்து வை. மற்றது எப்படி இருந்தாலும் சமாளித்துக்கொள்வேன்.

உன் தங்கை


செப்டம்பர் 25

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வண்டியை இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

வியாபாரி கலகலப்பானவர். போனதும், "சார் வாத்தியாரா?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எல்லாரும் வந்ததும் விலையைக் கேப்பாங்க. நீங்க என்னைப் படிச்சிருக்கியான்னு கேட்டீங்க" என்றார்.

டயர் பள்ளத்தில் ஒரு நாணயத்தைச் செருகிப் பார்த்தேன். முன் டயர்களில் பாதிக்கு மேல் இறங்குகிறது, நல்லது. பின்னால் இடது டயர் உள்விளிம்பில் வழவழப்பாக இருக்கிறது, மாற்ற வேண்டும். பிரேக் தட்டில் விரலை வைத்தால் துரு சொரசொரக்கிறது. பயப்படாதே. இந்த வண்டிகள் பாதி வேகத்தை மோட்டாராலேயே குறைத்துவிடும், பிரேக்குக்கு வேலை குறைவு. உபயோகிக்காத கத்தி துருப்பிடிப்பது போலத்தான். தரையில் உட்கார்ந்து அடியில் கையை விட்டேன். பேட்டரிப் பெட்டியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சொட்டை, கீறல் இல்லை. சார்ஜ் செருகும் இடத்தில் எந்த முனையும் ஆடவில்லை, கருகிய வாடை இல்லை. பின்பக்கத் தட்டில் இன்னும் புளித்த மாவு வாசனை வருகிறது. வியாபாரி ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனோம். மோட்டார் சத்தம் சீராக இருக்கிறது. வேகத்தடையில் பின் இடது மூலை மட்டும் "தொம்" என்கிறது.

இதெல்லாம் பார்த்தது பக்கம்.

கேட்டது பக்கம்: விபத்தில் சிக்கியதில்லை என்கிறார். ஒரே டிரைவர்தான் ஓட்டினார் என்கிறார். வண்டி உன் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தருகிறேன் என்றார். அதை எழுதி வாங்கிவிட்டேன், இத்துடன் இருக்கிறது.

பேட்டரி: கருவியைச் செருகி என் கையில் கொடுத்தார். வெயில் பளீரென்று அடித்தது. போட்டோ எடுத்தேன். எண்பத்திரண்டு. பார்த்தது பக்கம்.

முடிவு உன்னுடையது.

அண்ணன்


அக்டோபர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன். பணம் அனுப்பிய அன்று எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை.

வண்டி நேற்று வந்து சேர்ந்தது. லாரி மேல் ஏற்றி, மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து இறக்கினார்கள். ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. ஆகவில்லை என்று நினைத்து இன்னொரு முறை திருகினேன். மேனேஜர், "அக்கா, ஓடிட்டுதான் இருக்கு, காலை எடுங்க" என்று கத்துகிறாள், அதற்குள் எருக்குழிப் பக்கம் போய்விட்டேன். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் அதட்டியதைக் கேட்டதே சுகமாக இருந்தது.

பதினெட்டாம் தேதி வரை திருப்பிக் கொடுக்கலாம். அதற்குள் பாரம் ஏற்றி மேலே ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா என்று யோசித்தேன். மழையில் ஆளையும் கன்றுகளையும் எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? நீதான் பார்த்துவிட்டாயே. வேறு யார் சொல்லியிருந்தாலும் சோதித்திருப்பேன். உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எழுத்து புரியாத இடங்களை மேனேஜரோடு சேர்ந்து படித்தேன்.

அந்தப் போட்டோவை அனுப்பு. பேருந்து டிரைவரிடம் காட்டிப் பெருமையடிக்க வேண்டும்.

உன் தங்கை


அக்டோபர் 14
(அன்று அனுப்பப்படவில்லை)

அன்புள்ள வாலுவுக்கு,

நலம் என்று தொடங்க இன்று முடியவில்லை.

எனக்கு இரண்டு வருஷமாகக் கண் சரியில்லை. ஓரமெல்லாம் தெரிகிறது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் இல்லை. முழுப் பலகையும் சுத்தமாக இருந்து, நடுவில் மட்டும் யாரோ ஈரக் கையால் அழித்தது போல. உன் கடிதங்களை முற்பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் லென்ஸ் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறேன். மேஜைக் காலுக்கு அட்டை வைக்கவில்லை. அட்டையில் வரி வரியாகக் கீறல் வெட்டி, தாளின் மேல் வைத்து, அந்த இடுக்கில் எழுதுகிறேன்.

வியாபாரி கருவியை என் கையில் கொடுத்தார். திரையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. எண் தெரியவில்லை. "எவ்வளவு காட்டுது?" என்று அவரைக் கேட்டிருக்கலாம். கண் தெரியாதவன் வண்டி பார்க்க வந்தானா என்று நினைப்பாரோ என்று கூசினேன். அதனால் சும்மா பேசுவது போல, "இந்த மாதிரி வண்டியெல்லாம் சாதாரணமா எவ்வளவு இருக்கும்?" என்றேன். அவர் வேறு யாருக்கோ போன் எடுத்துக்கொண்டே, "எண்பது, எண்பத்திரெண்டு இருக்கும் சார்" என்றார். அதை நான் பார்த்தது பக்கத்தில் எழுதினேன்.

நேற்று பக்கத்துக் கடைத் தையல்காரர் என் போனில் மணிச் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தார். போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர், "இது என்ன சார், அறுபத்தொண்ணுன்னு ஒரு டப்பா?" என்றார்.

அறுபத்தொன்று, வாலு. வண்டியைத் திருப்பிக் கொடு. இந்தக் கடிதம் பதினாறாம் தேதி உன் கையில் இருக்கும், இன்னும் இரண்டு நாள் மிச்சம்.

இதை எழுதவே கை வரவில்லை. கண் போய்விட்டது என்று தெரிந்தால் இந்த வீட்டில் நான் தனியாக இருப்பதற்கு ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். இரண்டு வருஷம் முன் ஸ்கூட்டர் உரிமம் புதுப்பிக்கப் போனபோது, எனக்கு முன்னால் நின்றவர் கண் பலகையை வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்து, அப்படியே ஒப்பித்தேன். உரிமம் கிடைத்தது. பயந்துபோய் அடுத்த வாரமே ஸ்கூட்டரை விற்றேன். காப்பியடித்த பிள்ளைகளை எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

அண்ணன்


அக்டோபர் 15

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். வண்டி வந்ததில் மகிழ்ச்சி.

ஒரு யோசனை. பதினெட்டுக்குள் ஒரு நடை முழுப் பாரத்தோடு மலை ஏறிப் பார்த்துவிடு. மழையைப் பார்க்காதே. எவ்வளவு நல்ல மாணவனாக இருந்தாலும் முழுத்தேர்வுக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு வைப்போம் இல்லையா, அது போல. வேறு காரணம் எதுவும் இல்லை.

போட்டோ தெளிவாக விழவில்லை.

அண்ணன்


அக்டோபர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். அங்கே? இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதே இல்லை.

மழையில் சாலை ஓரம் சரிந்து இரண்டு நாள் தபால் வரவில்லை. உன் கடிதம் பதினெட்டாம் தேதி சாயங்காலம்தான் கைக்கு வந்தது. மாதிரித் தேர்வு வைக்க நேரமில்லை. போகட்டும். இடது பக்கம் எழுதியதை நீயே சந்தேகப்பட்டால் எப்படி?

பழைய வேனை உடைக்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை, நானா வேனா என்று கேட்காதே. அந்தப் பணத்தில் பின் டயர் மாற்றி, பிக்கப்பில் இரண்டு அடுக்குத் தட்டு அடித்தோம். நானூறு கன்றும் உட்காருகிறது. இங்கே பக்கத்திலேயே நாலைந்து நடை போய் வந்தேன், காகிதம் மாதிரி ஓடுகிறது. 28-ந் தேதி விடியும்போதே கிளம்புகிறோம்.

உன்னிடம் ஏதோ சரியில்லை. உடம்பா? ஒரு வரி எழுது.

உன் தங்கை


அக்டோபர் 24

அன்புள்ள வாலுவுக்கு,

பாரம் ஏற்றாதே. பேட்டரி எண்பத்திரண்டு இல்லை, அறுபத்தொன்று. முதலில் இதைப் படி, மற்றதைப் பிறகு படி. நூறு கன்று மட்டும் எடுத்துக்கொண்டு போ. மீதிக்கு வேறு வண்டி பேசு.

இத்துடன் இருக்கும் கடிதத்தின் தேதியைப் பார். பதினான்கு. அன்றே உறையில் போட்டு முகவரியும் எழுதினேன். தபால் பெட்டி வரை நடந்தேன். திரும்பி வந்து வேறு ஒன்று எழுதினேன். இன்று புதிதாக எழுதி இன்றைய தேதி போட்டிருக்கலாம். உனக்குத் தெரிய வந்திருக்காது. அந்த ஒரு காரியத்தையாவது செய்யக் கூடாது என்று பழைய தாளையே அனுப்புகிறேன்.

நேற்று உன் கடிதம் வந்ததும் வியாபாரியிடம் போனேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை. "சார், ஏழு நாள் முடிஞ்சுபோச்சு. நான் எண்பத்திரெண்டுன்னு இந்த வண்டியைச் சொன்னேனா? கருவியை உங்க கையிலயே குடுத்தேனே சார்" என்றார். திரும்பி நடந்தேன்.

போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. நேரில் வந்துவிடலாம் என்று பேருந்து நிலையத்துக்குப் போனேன். பலகைகளைப் படிக்க முடியவில்லை. விசாரித்தேன், இரண்டு பேர் இரண்டு பக்கம் கை காட்டினார்கள். ஒரு பேருந்தில் ஏறி, தப்பென்று தெரிந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். தையல்காரரிடம் சொல்லி உன் போனுக்குச் செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தொட்டி மேல் ஏறினால் கிடைக்கும். ஏறம்மா.

அண்ணன்


நவம்பர் 10

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீல மையில், முடிந்தவரை பொடி எழுத்தில், வேண்டுமென்றே எழுதுகிறேன். உன்னால் படிக்க முடியாது. தையல்காரரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொல். அவர் முன்னால் உட்கார்ந்து கேள்.

28-ந் தேதி விடியலில் நானூறு கன்றோடு கிளம்பினோம். நானும் மேனேஜரும். முப்பது கிலோமீட்டர் வரை அவள் சளசளவென்று பேசிக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்தில் சார்ஜ் இருபத்தொன்று. குளிர் வேறு. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நாற்பத்தொன்றில் திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது. "இது என்னக்கா, இங்க வந்து ஆமை?" என்றாள். வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. நாற்பத்து நாலாவது கிலோமீட்டரில், பள்ளத்தைப் பார்த்த வளைவில், நின்றுவிட்டது. பின்னால் உருளத் தொடங்கியது, அண்ணா. கைபிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் குதித்து இறங்கி, சாலையோரக் கல்லை உருட்டி வந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்தாள்.

அந்த வளைவில் சிக்னல் கிடைக்கும். என் போன் வரிசையாக நாலு தடவை மணியடித்தது. நாலும் ஒரே செய்தி. "அண்ணன் சொல்லச் சொன்னார், எண்பத்திரண்டு இல்லை, அறுபத்தொன்று, பாரம் ஏற்ற வேண்டாம்." முட்டி வலி என்று நான்கு நாள் தொட்டி மேல் ஏறாமல் இருந்தேன்.

மேலே போகும் மின்சாரப் பேருந்து வந்தது. அதே டிரைவர். வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏத்துங்கம்மா, எவ்வளவு பிடிக்குதோ அவ்வளவு" என்றார். சீட்டுக்கு அடியில், படிக்கட்டில், மடியில் என்று நூற்றைம்பது கன்று. முகம் தெரியாத மனிதர்கள் ஆளுக்கு நாலு செடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெரியவர், "இறங்கறப்போ இதை நானே வெச்சுக்கலாமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். பத்து மணிக்கு நூற்றைம்பதை இறக்கினேன். மீதி அடுத்தடுத்த பேருந்துகளில் போய்ச் சேர ஒன்றரை ஆகிவிட்டது. தோட்டப் பொறுப்பாளர் அம்மா நல்லவர். ஆனாலும், "நீங்க பத்துன்னா பத்துன்னு சொன்னீங்களே" என்றார். மூன்று வருஷம் முழுத் தோட்டம் என்பது ஒரு வருஷம், பாதித் தோட்டம் என்று ஆயிற்று. மேனேஜருக்கு இனி வாரம் மூன்று நாள்தான் வேலை தர முடியும். சொன்னேன். சரிக்கா என்று பைகளை எண்ணப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வண்டியை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது உன் கடிதம் வாசலில் கிடந்தது. பதினான்காம் தேதி போட்ட தாளைப் படித்தேன். நாலு நாள் கையில் இருந்தது உனக்கு. கண் போனதற்கு நான் என்ன சொல்ல முடியும். அந்த நாலு நாளுக்குத்தான் இத்தனை நாள் உனக்கு எழுதாமல் இருந்தேன்.

தங்கை


நவம்பர் 14

அன்புள்ள வாலுவுக்கு,

இது தையல்காரர் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். உன் கடிதத்தை அவர் கடையில் உட்கார்ந்து கேட்டேன். தைக்கக் கொடுக்க வந்த இருவரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்று சொன்னேன்.

வண்டி பின்னால் உருண்ட இடம் வந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதை எழுதிவிட்டால் கடன் தீர்ந்தது போல எனக்கே தோன்றிவிடும்.

(சார் இங்கே எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தார். அதற்குள் நான் ஒரு பொத்தான் தைத்தேன். தையல்காரர்.)

மேனேஜரிடம் சொல், அந்தக் கல்லுக்கு நான் நன்றி சொன்னேன் என்று. உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தொட்டி மேல் ஏறாதே.

அண்ணன்


நவம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

கறுப்பு மார்க்கரில் எழுதுகிறேன். பக்கத்துக்கு ஐந்து வரிதான் பிடிக்கிறது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, போஸ்டரா?" என்கிறாள். இதை நீயே படி.

உன்னைப் போலவே நடுவில் கோடு போட்டுக்கொண்டேன்.

பார்த்தது: செப்டம்பரில் வண்டியைப் பற்றி நீ எழுதிய கடிதத்தில், இரண்டாம் பக்கத்தில் மூன்று வரிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தன. விரலால் தொட்டது, மூக்கால் முகர்ந்தது, காதால் உணர்ந்தது என்று அவ்வளவு எழுதியிருந்தாய். கண்ணுக்கென்று அதில் இருந்தது ஒரே ஒரு எண். அன்றைக்கே எனக்கு உறுத்தியது. விசாரித்தால் நீ வண்டி பார்த்தது செல்லாது, வண்டி கைநழுவிவிடும். எனக்கு வண்டி வேண்டியிருந்தது. அதனால் மேஜைக் கால் குட்டை என்று நீ சொன்னதை நம்பிக்கொண்டேன். உனக்கு நாலு நாள் என்றால் எனக்கு ஒரு மாதம்.

கேட்டது: அந்தப் பக்கம் காலி.

வியாழக்கிழமை வருகிறேன். இந்த வண்டியில்தான். உன் வீடு நூற்றுப்பன்னிரண்டு கிலோமீட்டர், இதற்கு ஒரே மூச்சில் முடியாது. பாதி வழியில் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு வருவேன். மூன்று மணிக்குத் தயாராக இரு. வீட்டைக் காலி செய்யச் சொல்ல வரவில்லை, பயப்படாதே. நாலரைக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வார். அங்கே உனக்கு முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். தெரிகிற எழுத்தை மட்டும் சொல். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்.

வாலு